முழ நீள ஜிலேபி மீன்

வேலை முடிந்ததும் துரைக்கண்ணு ஏரியில் பரிசலைத் தள்ளிக்கொண்டு போய்த் தூண்டில் போட்டார். விரல் நீளத்துக்கு ஒரு ஜிலேபி மீன்தான் மாட்டியது. அதைத் தண்ணீரிலேயே விட்டெறிந்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

"முழ நீளம்டி! கை நழுவிப் போச்சு."

அது மீன் காதில் விழுந்தது. மீனுக்கு ஏது காது என்று கேட்காதீர்கள், விழுந்தது.

"கேட்டியா? நான் முழ நீளமாம்!" என்றது நண்டிடம்.

"அடேய், அந்தாளு பொண்டாட்டிகிட்டப் பொய் சொல்றான்டா. அங்க பாரு, பெரிய விரால் வருது. ஓடி ஒளிஞ்சுக்க!"

"நானா? அவன் ஒதுங்கட்டும்."

விரால் ஒதுங்கவில்லை. வாயைத் திறந்தது, மூடியது. மெல்லக்கூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் அதன் வயிற்றுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"யோவ், முழ நீள ஆளுக்கு இந்த இடம் எப்படிய்யா பத்தும்?"