ஐம்பதுக்கு மேல் கிடையாது

"எண்பது ரூபாயா? உள்ளே இருக்கிறது இளநீரா, பெட்ரோலா?"

சுவிசேஷமுத்து போட்ட சத்தத்தில் ஜிஎஸ்டி சாலையோரம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இளநீர் வண்டிக்காரன் சிட்டிபாபு அசரவில்லை.

"பெட்ரோலு நூறைத் தாண்டிப் போய்க்கினு கீது சார். அத்தப் பார்த்தா இது சீப்பு. பொள்ளாச்சிலேர்ந்து லோடு வருது, லாரி வாடகை ஏறிக்கீது. நான் இன்னா பண்றது?"

"நான் வேலைக்குச் சேர்ந்தப்போ மூணு ரூபா. ரிடையர் ஆனப்போகூட முப்பதுதான்யா!"

"அப்பவே நாலு வாங்கி வெச்சிருக்கலாமே சார்."

சுவிசேஷமுத்துவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஐம்பதுக்கு மேல குடுத்து நான் இளநீர் வாங்கினா என் பேரை மாத்திக்கிறேன்" என்று நடுரோட்டில் சபதம் போட்டுவிட்டு நடந்தார்.

சபதம் போட்டது வாய். தொண்டைக்கு அது தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க மத்தியான வெயிலில் விசிறிக்கொண்டு, "ஒரே ஒரு இளநீர் உள்ளே போனா எப்படி இருக்கும்!" என்று பெருமூச்சு விட்டார். மனைவி ஜெயசீலி, "எண்பது ரூபாதானே, குடிச்சுத் தொலைங்களேன்" என்றால், "பணமா பெரிசு? கொள்கை!" என்று பாய்வார்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை. சபையார் வீட்டில் விளைந்தது, வளர்த்தது எல்லாவற்றையும் காணிக்கையாகக் கொண்டுவந்து குவித்திருந்தார்கள். ஆராதனை முடிந்ததும் ஆலய வளாகத்தில் ஏலம். ஜெயசீலி சமையலைச் சாக்குச் சொல்லி முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டாள்.

வாழைத்தாருக்கும் பூசணிக்காய்க்கும் நடுவில் தனியாக ஒரு செவ்விளநீர் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் சுவிசேஷமுத்துவின் முகம் மலர்ந்தது. சனங்கள் கோழிக்கும் கேக்குக்கும்தான் அடித்துக்கொள்ளும். இளநீரை யார் சீண்டப்போகிறார்கள்?

ஒரே ஒரு தடங்கல், முன்வரிசையில் இருந்த சாலமன். சபைக் கமிட்டித் தேர்தலில் இவரை நாலே ஓட்டில் தோற்கடித்தவர். இவர் கேட்பது தெரிந்தால் வேண்டுமென்றே ஏற்றிவிடுவார். அதனால் பக்கத்து ஃப்ளாட் மெர்வினை முன்னால் நிற்கவைத்து, இவர் ஷாமியானா கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

"மெர்வின், நாற்பதுன்னு கேளு. என் பேரு வெளியே வரக்கூடாது."

"நாற்பது!" என்றான் மெர்வின்.

"நூறு!" என்றார் சாலமன், காதில் ஃபோனோடு.

சுவிசேஷமுத்துவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"போச்சு. விட்டுடலாம் அங்கிள், உங்க சபதம் ஐம்பதுதானே?" என்றான் மெர்வின்.

"ஐம்பதுக்கு மேல வாங்கத்தான் கூடாது. ஏத்தலாம். நூத்தைம்பதுன்னு சொல்லு. அந்த ஆளுக்கு இன்னைக்கு மொட்டை போடாம விடமாட்டேன்."

நூற்றைம்பது இருநூறானது. இருநூறு ஐந்நூறானது. ஒவ்வொரு தடவையும் சாலமன் ஃபோனில் ஏதோ முணுமுணுத்துவிட்டுத்தான் ஏற்றினார். கோழிக்காகக் காத்திருந்தவர்கள்கூட நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார்கள். சுவிசேஷமுத்துவின் ஆயுள் முழுக்க ஏறாத விலை, பத்தே நிமிஷத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

"ஆயிரத்துத் தொள்ளாயிரம்!" என்றான் மெர்வின்.

சாலமன் ஃபோனைப் பார்த்தார். காதில் வைத்தார். "ஹலோ... ஹலோ..." என்றார்.

மைக் பிடித்திருந்த யேசுதாசன், "ஆயிரத்துத் தொள்ளாயிரம், ஒரு தரம்! ரெண்டு தரம்!" என்றார்.

சுவிசேஷமுத்து கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆண்டவரே, இந்த ஒரு தடவை காப்பாற்றும், இனி எவனுக்கும் கெடுதல் நினைக்கமாட்டேன் என்று கண்ணை மூடி உருகினார்.

"ரெண்டாயிரம்!" என்றார் சாலமன்.

"ரெண்டாயிரம், ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!" என்று முடித்தார் யேசுதாசன்.

கைதட்டல் வானைப் பிளந்தது. எல்லாரையும்விட பலமாகத் தட்டியவர் கம்பத்துக்குப் பின்னால் இருந்தவர்தான். சாலமன் இளநீரை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு அவசரமாகக் கிளம்பியதைப் பார்த்து, "பொண்டாட்டி ரோஸிகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கப் போறாரு" என்று மெர்வினிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு மாறாமலேயே இரும்புலியூர் வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தார். "ஜெயசீலி, இன்னைக்கு ஒரு கூத்து நடந்துச்சு, கேளேன்!"

"அது அப்புறம். முதல்ல கண்ணை மூடிக்கிட்டுக் கையை நீட்டுங்க."

நீட்டினார். கனமாக, சில்லென்று ஏதோ வந்து உட்கார்ந்தது. கண்ணைத் திறந்தார். சீவி, ஸ்ட்ரா போட்ட செவ்விளநீர்.

"வாரம் பூரா ஏங்கினீங்களே, மனசு கேக்கல. காணிக்கையாக் குடுத்தா உங்க சபதமும் உடையாது பாருங்க. ஏலத்துக்கு இளநீர் வருதுன்னு தெரிஞ்சதும் நேத்தே ரோஸி அக்காகிட்டச் சொல்லி, சாலமன் அண்ணனை ஃபோன்லயே ஏலம் எடுக்க வெச்சேன். கரண்ட் பில்லுக்கு நீங்க வெச்சிருந்த ரெண்டாயிரமும் போச்சு" என்றாள் ஜெயசீலி. "நூறுலயே முடிஞ்சிருக்க வேண்டியது. மெர்வினை முன்னால விட்டு எவனோ ஒரு படுபாவி ஏத்திக்கிட்டே இருந்தானாம். அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

சுவிசேஷமுத்து அவசரமாக ஸ்ட்ராவை வாயில் வைத்துக்கொண்டார். இளநீர் தீர்ந்து கொரகொரவென்று சத்தம் வந்த பிறகும் எடுக்கவே இல்லை.