சதுப்பில் கிடைத்த கொழுந்து

தேவிகுளத்தில் தேயிலைக்காட்டுச் சதுப்பில் இரும்புக் குழாயை இறக்கி அடிமண்ணை எடுத்தார்கள். பதினேழாயிரம் வருடத்து மண். அந்தக் காலத்தில்தான் வடதுருவக் கடலில் பனி பரவி, நம் கடலும் மாறி, பருவமழை நின்றுபோனது என்றாள் ஆராய்ச்சிக்கு வந்த பிரதீபா.

உதவிக்கு நின்ற பிலோமி கொழுந்து பறிப்பவள். குனிந்து பார்த்தாள். மண்ணுக்குள் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தேயிலைக் கொழுந்து. கிள்ளிய காம்பு பிசிறியிருந்தது.

“இது நான் கிள்ளுனது மேடம். காலையிலதான் நகம் ஒடைஞ்சது.”

பிரதீபா அவளுடைய ஒடிந்த நகத்தைக் காம்பில் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது.

“குழாயில இதுக்கு மேல என்ன இருக்கு?” என்றாள் பிலோமி.

“மணல். மழையில்லாத காலத்துல படிஞ்சது.”

ஒரு முழத்துக்கு இருந்தது. அதில் ஒரு வேர்கூட இல்லை.

“எத்தன வருசம்?”

“ஆயிரத்துக்கு மேல.”

ஒரு வாரமாகப் பெய்த மழை இப்போதுதான் விட்டிருந்தது. பிலோமி தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் தாளை உதறி மடித்தாள்.