கரிக்குழிச் சாயா

“நானும் தெனமும் இந்தத் தண்ணியத்தானுங்க குடிக்கறேன்” என்றான் செங்கோட்டையன், கொஞ்சமும் கூசாமல்.

தண்ணீரைச் சோதிக்க வந்த அதிகாரி தலையாட்டினார். சுற்றிலும் ஏலத்தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயமே கூடி நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. இந்த ஆளுக்காக ஒரு சிரிப்பைச் செலவழிப்பதுகூடத் தண்டம்.

கொழிஞ்சாம்பாறையில் வயலை விற்று ஆனைக்கரையில் தோட்டம் வாங்கிய முதலாளி அவன். தோட்டத்தோடு ஒரு கரிக்குழியும் சேர்ந்து வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் ஏதோ ஒரு கம்பெனி நிலக்கரி எடுக்கிறேன் என்று மலையைக் குடைந்து, பென்சிலுக்கு ஆகிற கரிகூட ஒழுங்காகக் கிடைக்காமல் அப்படியே போட்டுவிட்டுப் போனது. மழை அதை நிரப்பியது.

தண்ணீர் என்னவோ கண்ணாடிதான். தவளை கிடையாது, பாசி கிடையாது. கசிந்து ஓடிய இடத்தில் பாறை மட்டும் துருவேறிச் சிவந்து கிடந்தது.

செங்கோட்டையன் முதலில் அதை ஏல நாற்றுக்குத்தான் பாய்ச்சினான். நாற்று கருகியது. பதறிப்போய், லயத்துக்கு வந்துகொண்டிருந்த மலையூற்றை நாற்றுக்குத் திருப்பி, குழித் தண்ணீரை லயத்துக்கு விட்டான். அவ்வளவு இளகிய மனசு, நாற்றின் மேல்.

குருவம்மாளின் மகள் பூமாரிக்கு மூன்று வயது. அந்தத் தண்ணீரைக் குடித்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். ஊற்று லயத்துக்குத் திரும்பாவிட்டால் பிள்ளை தங்காது என்று குருவம்மாளுக்குத் தெரிந்துபோயிற்று.

எமர்ஜென்சி நேரம். லயத்திலிருந்து போன மொட்டை மனுவுக்கும் ஜீப் மலையேறியது.

முந்தின நாளே துப்புக் கிடைத்த முதலாளி சும்மா இருப்பானா? குழியிலிருந்து வரும் வால்வை அடைத்தான். லயத்துத் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, டிராக்டரில் டிரம் டிரம்மாக ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினான். பிள்ளைகள் சுருண்டு கிடந்தபோது இந்தச் சுறுசுறுப்பு எங்கே போயிருந்ததோ.

அதிகாரி குழாயைத் திறந்து கையில் ஏந்திப் பார்த்தார். முகர்ந்தார். கிளம்பத் திரும்பினார்.

அதோடு விட்டிருக்கலாம். பெருமை விடவில்லை.

“ஒரு சாயா குடிச்சுட்டுப் போலாமுங்க சார். ஏ குருவம்மா, இந்தக் கொழாத் தண்ணியிலயே போடு!”

அவள் அவர்கள் கண் முன்னாலேயே தண்ணீர் பிடித்து, கொதிக்கவைத்து, தூள் போட்டு வடித்தாள்.

கிளாஸில் இறங்கியதைப் பேனாவில் ஊற்றி எழுதலாம். அப்படி ஒரு கறுப்பு.

செங்கோட்டையன் எகிறினான். “என்ன கருமம் புள்ள இது? தூளு பூராத்தயும் கொட்டிப்போட்டயா?”

“எப்பவும் உள்ள கலருதான மொதலாளி” என்றாள் குருவம்மாள். “நீங்க தெனமும் குடிக்கிறதுதான?”

அதிகாரி கிளாஸைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். கிளாஸை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தார்.

“ஆத்யம் முதலாளி” என்றார் மலையாளத்தில். முதலில் அவன் குடிக்கட்டுமாம்.

ஒரு மடக்கு. மூஞ்சி கோணிக்கொண்டது. இத்தனை பேர் முன்னால் துப்ப முடியுமா? விழுங்கினான்.

அதிகாரி ஜீப்பிலிருந்து குப்பி எடுத்துவரச் சொன்னார்.

செங்கோட்டையனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தூளையா சோதிக்கப்போகிறார்கள், தண்ணீரைத்தானே! “எத்தன குப்பி வேணும்னாலும் புடிங்க சார்” என்று அவனே ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டான், பல்லெல்லாம் தெரிய.

குருவம்மாள் வீட்டுக்குள் போனாள்.

கட்டிலுக்கடியில் சாக்குப் போட்டு மூடியிருந்த குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு பூமாரிக்குக் கொடுத்தாள். அவனுடைய டிரம்மில் வந்த ஊற்றுத் தண்ணீர். அன்று லயத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் இருந்தது. விடியுமுன்னே பெண்கள் தொட்டியை ஒழித்துவிட்டார்கள். குழி வால்வைத் திறந்து, தூள் பட்டதும் மையாகிற அந்தத் துருத் தண்ணீரால் அதை மறுபடி நிரப்பியவள் குருவம்மாள்.

பூமாரி டம்ளரைக் காலி செய்துவிட்டு இன்னும் கேட்டாள்.