ஒரே வீட்டில் இரண்டு பேட்டரி

வீட்டுக்குப் புதிதாக வாங்கிய பேட்டரி சார்ஜ் ஏறும்போதெல்லாம், ரத்தினசபாபதியின் நெஞ்சுக்குள் இருந்த பேஸ்மேக்கர் பேட்டரி தடுமாறியது. இரண்டையும் சோதித்த கம்பெனிப் பெண் கையை விரித்தாள்.

"ரெண்டும் ஒரே வீட்ல ஒத்துப்போகாது சார். ஒண்ணை வெளியே அனுப்பியாகணும்."

"வீட்டு பேட்டரிக்கு வாரண்டி பத்து வருஷம். அப்பாவோடதுக்கு?" என்றான் மகன் குமரவேல்.

"அது முடிஞ்சுபோச்சு."

மகன் அப்பாவை ஏற இறங்கப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். பேரம் தொடங்கிவிட்டது என்று கிழவருக்குப் புல்லரித்தது. ஆசைப்பட்ட சரக்கை வேண்டாதது போலப் பார்க்க வேண்டும் என்று தன் கடையில் அவனைப் பழக்கியவரே அவர்தான். எதிராளி போனதும் அப்பாவும் பிள்ளையும் கண்ணடித்துக்கொள்வது வழக்கம்.

அந்தப் பெண் போனாள். கிழவர் கண்ணடித்தார்.

"கண்ல தூசியாப்பா?" என்றான் குமரவேல். "துணிமணியை எடுத்து வைங்க. வண்டி வந்துடும்."