கடல்சாமி

கடல் வற்றுகிற நேரம் பார்த்து ஒரு கிழ நண்டு கொடுக்கைத் தூக்கி, "பின்னால போ!" என்றது. அலை பின்வாங்கியது. அன்றிலிருந்து அவர் கடல்சாமி.

"என் பேச்சைத் தாண்டி கடல் வராது. இங்கேயே வளை தோண்டுங்க" என்று ஈரமணலைக் காட்டினார். எல்லா நண்டுகளும் தோண்டின. வயிற்றில் முட்டைகளைச் சுமந்துகொண்டிருந்த செம்பியும் தோண்டினாள்.

மத்தியானம் அலை அவள் காலை நனைத்தது. "சாமி, தண்ணி ஏறுதே!"

"நம்பிக்கை இல்லாதவங்க காலைத்தான் அலை தொடும்."

தங்கள் கால் நனையவே இல்லை என்று மற்ற நண்டுகள் சாதித்தன.

பொழுது சாய்ந்தது. தண்ணீர் வளைவாசலுக்கு வந்தது. சாமியைக் காணோம். செம்பி மேட்டிலிருந்த தாழம்புதருக்கு ஏறினாள். அங்கே ஆழமான வளை ஒன்று இருந்தது. உள்ளே சாமி!

"தவம் பண்ணலாம்னு..." என்று இழுத்தார்.

"பண்ணுங்க சாமி. கொஞ்சம் தள்ளி உக்காந்து பண்ணுங்க. கீழே இருக்கிறவங்களையும் கூட்டிட்டு வர்றேன்."