தொட்டி நிறைந்த சேதி

ஒரு அடுக்குமாடி வீட்டின் உச்சியில், தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு வைஃபை பெட்டி உட்கார்ந்திருந்தது. தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும்படி கீழே இருக்கும் மோட்டார்ப் பெட்டிக்குச் சேதி அனுப்புவதுதான் அதன் ஒரே வேலை. ஆனால் எந்த வழி சுருக்கு என்று அக்கம்பக்கத்துப் பெட்டிகளை விசாரிக்காமல் அது எதையும் அனுப்பாது.

அன்றும் தொட்டி நிறைந்தது.

"என்கிட்ட குடுண்ணே. மூணு கை மாறினா போய்ச் சேர்ந்திடும்," என்றது வாசல் கேட்டில் இருந்த பெட்டி.

"அவன் கிடக்கிறான். என் வழியா ரெண்டே கைதான்," என்றது லிஃப்ட்டுப் பெட்டி. சொல்லி வாய் மூடுவதற்குள் யாரோ பட்டனை அழுத்த, அது ஐந்தாம் மாடிக்குப் போய்விட்டது. "இப்ப நாலு கை!" என்று அங்கிருந்து கத்தியது.

தொட்டிப் பெட்டி கணக்கை அழித்து முதலிலிருந்து போட்டது. லிஃப்ட் இறங்கியது. மறுபடியும் அழித்தது. அதற்குள் தண்ணீர் வழிந்து, சுவரோடு இறங்கி, மோட்டார்ப் பெட்டியின் தலையில் கொட்டியது.

"யோவ் தொட்டி! நான் மூழ்கிக்கிட்டிருக்கேன்யா!" என்று அது கீழேயிருந்து அலறியது.

"ஏன்யா கத்துற, எனக்கு நல்லாவே கேக்குது," என்று எரிந்து விழுந்தது தொட்டிப் பெட்டி. "கொஞ்சம் பொறு. உனக்குத்தான் ஒரு அவசரச் சேதி. வழி பார்த்துக்கிட்டிருக்கேன்."