எர்த்துக் குழி

என் பெயர் தங்கமுத்து. வயது இருபத்து நான்கு. கொழும்பில் பலசரக்குக் கடை வேலை. இப்போது நிற்பது திண்டுக்கல்லில், விலைக்கு வந்த ஒரு வீட்டின் முற்றத்தில்.

வீட்டுக்காரர் உடையப்பன் அறை அறையாகப் போய்ச் சுவிட்சைத் தட்டினார். எல்லா பல்பும் எரிந்தன.

"யாரு தம்பி குடிவரப் போறது?"

"எங்க அக்காளுக்குங்க. பத்திரமா இருக்குமான்னு பாக்கணும்."

"மகராசியா இருப்பாக. தெருவுக்குக் கரண்டு வந்த வருசமே இழுத்த வயரு. ஒரு குத்தம் சொல்ல முடியாது."

நான் கூட்டிக்கொண்டு போயிருந்த வயர்மேன் சூசை பல்புகளை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. நேரே முற்றத்து மூலைக்குப் போய்க் குத்தவைத்தார்.

அங்கே எர்த்துக் குழி. உப்பும் கரியும் கொட்டி ஒரு குழாயை இறக்கி மூடியிருப்பார்கள். வீட்டில் எங்கே கரண்டு கசிந்தாலும் மண்ணுக்குள் இழுத்துக்கொள்வது அதுதான். ஈரம் இருந்தால்தான் இழுக்கும்.

குழியின் மேல் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

டெஸ்ட் லாம்பின் ஒரு வயரை மெயினில் வைத்து, இன்னொன்றை எர்த்துக் கம்பியில் தொட்டார் சூசை. பல்புக்குள் இழை பீடி நுனிபோலச் சிவந்தது. அவ்வளவுதான்; எர்த்து சரியாக இழுத்தால் முழுசாக எரிய வேண்டும்.

"இதுக்குத் தண்ணி ஊத்துறதே இல்லையாண்ணே?"

"நல்லாருக்கே கதை! குடிக்கிற தண்ணிக்கே குழாயடியில மல்லுக்கட்டுறோம். குழிக்கு ஊத்த அது என்ன என் சம்பந்தியா?"

"சம்பந்தின்னே நெனச்சு ஒரு குடம் கொண்டாங்க."

முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்தார். மண் சத்தம் போட்டுக் குடித்தது. செத்த நேரம் கழித்துச் சூசை மறுபடி தொட்டார்.

பல்பு பளிச்சென்று எரிந்தது.

ஒரு குடம் தண்ணீர்.

 காலிக் குடத்தை நான் கையில் வாங்கிக்கொண்டேன்.

சூசை ஏணி போட்டு, தெருவிலிருந்து வயர் இறங்கும் இரும்புக் குழாயைப் பார்த்தார். குழாயின் வாயில் உரசி உரசி வயரின் ரப்பர் தேய்ந்து செம்பு தெரிந்தது. இறங்கும்போது குழாயின் நடுவில் கை வைக்கப் போனவர் இழுத்துக்கொண்டார். அங்கே அறுத்த கம்பியின் முடிச்சு ஒன்று துருவேறிக் கிடந்தது.

"இதுலயா கொடி கட்டித் துணி காயப்போட்டீக?"

"இருந்துச்சு. இத்துப்போச்சுன்னு அறுத்துட்டேன்." உடையப்பன் யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"அதுவும் நல்லதுதான். குழி காஞ்சு கெடந்தா, கசியிற கரண்டு இந்தக் குழாயிலயே நிக்கும். ஈரச்சேலையோட ஒரு பொம்பள கொடியில கைய வச்சா, கத்தக்கூட நேரம் இருக்காது."

"அதெல்லாம் சரிபண்ணிக்கிரலாம்," உடையப்பன் அவசரமாக என் பக்கம் திரும்பினார். "அக்கா என்னைக்குப் பால் காய்ச்ச வாராக?"

அக்கா இந்த வீட்டில் பால் காய்ச்சியாயிற்று.

மாமாவோடு வாடகைக்கு வந்தாள் என் அக்கா பொன்னழகு. போன கோடையில் தலைக்குக் குளித்துவிட்டு, உச்சிவேளையில் அந்தக் கொடியில் சேலையை விரித்தவள் அப்படியே விழுந்தாள். நான் கொழும்பில் இருந்தேன். எனக்கு வந்தது சாவுச் சேதி மட்டும்தான்.

முனி அடித்துவிட்டது என்றார்கள். ஈரத்தலையோடு உச்சியில் வெளியே வந்தவள்மேல்தான் குற்றம் என்றார்கள். முனி அடித்தவளுக்குச் சேலை வைத்துக் கும்பிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து அம்மா அவள் பேரையே எடுப்பதில்லை; நான் எடுத்தாலும் எழுந்து போய்விடுகிறாள்.

வீடு வாங்க எனக்கு ஏது வக்கு? வாங்க வந்தவன் என்றால்தானே வயரைத் தொட்டுப் பார்க்க விடுவார்கள்.

உடையப்பன் பதிலுக்குக் காத்து நின்றார். அடுத்து வருகிறவர்களுக்கும் இப்படியே சுவிட்சைத் தட்டிக் காட்டுவார். குழியைச் சுற்றி ஈரம் அதற்குள் ஓரத்தில் வெளுக்க ஆரம்பித்திருந்தது.

எங்கள் ஊர் தொப்பம்பட்டிக்காரர் யாராவது இதைப் படித்தால், எங்கள் அம்மா கருப்பம்மாளிடம் சொல்லுங்கள். அக்காவை முனி அடிக்கவில்லை. அவளுக்கு ஒரு சேலை வைத்துக் கும்பிடச் சொல்லுங்கள்.